தட்டையடியின் பிடிவாதம்

மருத்துவம் படித்த ஃப்ராங்க்ளின் மான், அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஆண்டுக்கணக்காகக் குண்டுகளைப் பாழாக்கிப் பாழாக்கிச் சுட்டுப் பார்த்தவர். சிலவற்றின் மூக்கைச் சிதைத்தார், சிலவற்றின் அடியை. மூக்கறுந்தவை பெரும்பாலும் போக வேண்டிய இடத்துக்கே போயின. அடி பழுதானவை கண்டபடி சிதறின. 1909-இல் வெளிவந்த ‘தி புல்லட்ஸ் ஃப்ளைட் ஃப்ரம் பவுடர் டு டார்கெட்’ நூலில் இதையெல்லாம் எழுதி வைத்தார். கூர்முனையை வைத்தே குண்டை எடைபோடும் நமக்கு இது கொஞ்சம் வேடிக்கையான செய்திதான்.

காரணம் எளிது. குண்டு குழலின் வாயைத் தாண்டும் கணத்தில், பின்னால் அடைபட்டிருந்த வாயு அதைச் சுற்றிப் பீறிட்டு வருகிறது. அடியின் ஓரம் ஒரே நேரத்தில் விடுபட்டால் வாயு எல்லாப் பக்கமும் சமமாகத் தள்ளும். ஓரத்தில் ஒரு பக்கம் குறைபட்டிருந்தால் அந்தப் பக்கம் முந்திக்கொள்ளும். குண்டு தள்ளாடிக்கொண்டே புறப்படும்.

நெடுந்தூரம் போகும் குண்டுகளுக்குப் பின்பக்கம் படகின் வால்போலச் சரிவாக இருக்கும். காற்றின் இழுவையைக் குறைக்க அது நல்ல உபாயம். அமெரிக்க ராணுவம் 1906-இல் தட்டையடிக் குண்டோடு தொடங்கி, 1920-களில் படகுவாலுக்குப் போய், அது சுடுதளங்களின் பாதுகாப்பு எல்லையையே தாண்டி விழுந்ததால் 1930-களின் இறுதியில் தட்டையடிக்கே திரும்பியது. ராணுவக் கதை இருக்கட்டும். 100, 200 கெஜத்தில் காகிதத்தில் ஒரே துளையாகச் சுட முயலும் பெஞ்ச்ரெஸ்ட் போட்டிக்காரர்கள் இன்றும் தட்டையடியைத்தான் விரும்புகிறார்கள். ஒரு தட்டையான அடியைப் பிசகில்லாமல் செய்வது, சரிவான வாலைப் பிசகில்லாமல் செய்வதைவிடச் சுலபம்.

அந்தப் போட்டிகளின் அளவுகோல் கேட்டால் தலை சுற்றும். 100 கெஜத்தில் ஐந்து குண்டுகள்; வெகு தூரம் விலகி விழுந்த இரண்டின் மையங்களுக்கு இடைப்பட்ட தூரமே கணக்கு. 1973-இல் மேக் மெக்மில்லன் பதித்த 0.009 அங்குலச் சாதனை நாற்பது ஆண்டுகள் நின்றது. இந்த வட்டாரத்தின் செல்லப்பிள்ளை, லூ பால்மிசானோவும் ஃபெரிஸ் பிண்டெலும் 1975-இல் உருவாக்கிய 6 மி.மீ. பிபிசி (PPC) தோட்டா. குட்டையும் குண்டுமான உடல், சிறிய கழுத்து. அதைச் சுடுகிறவர்கள் பெரும்பாலும் வீட்டிலிருந்து தோட்டா கொண்டுவருவதில்லை. சுடுதளத்திலேயே மேசை போட்டு, சுட்ட உறையையே சுற்றுக்குச் சுற்று மறுபடி நிரப்புகிறார்கள்.

நிரப்பும் வேலையில் என் கண் நிற்பது கடைசிக் கட்டத்தில்: குண்டை உறையின் கழுத்தில் அமர்த்துவது. படகுவால் குண்டு இங்கே நல்ல பிள்ளை. சரிவான வால் உறையின் வாய்க்குள் தானே இறங்கி, நடுவைக் கண்டுபிடித்துக்கொள்ளும். தட்டையடிக்கு அந்தத் தயவு கிடையாது. அதன் அடியோரம் செங்கோணம். போதாததற்கு, கையால் செய்த போட்டிக் குண்டுகளில் அடியை ஒட்டிக் கண்ணுக்குத் தெரியாத ஒரு புடைப்பு வளையமும் உண்டு. கழுத்தின் உள்விட்டமோ குண்டைவிட அங்குலத்தின் ஆயிரத்தில் ஓரிரு பங்கு குறைவு. அந்த விளிம்பில் குண்டை நிற்கவைத்தாலே சாயப் பார்க்கும். சாய்ந்தபடி அழுத்தினால் குண்டின் செம்புப் போர்வை சீவப்பட்டு, வாயோரத்தில் மெல்லிய சுருளாக ஒட்டியிருக்கும். இன்னும் முரட்டுத்தனம் காட்டினால் உறையின் தோளே மடங்கிப்போகும். கோணலாகப் பிடித்த ஜாடி மூடியைப்போலத்தான். தொடக்கத்தில் பிசகியதை மேலும் திருகிச் சரிசெய்ய முடியாது.

ஆகவே உழைப்பெல்லாம் அந்த முதல் மயிரிழைக்கு முன்பே நடந்துவிட வேண்டும். உறையின் வாயில் உட்புறப் பிசிறை எடுத்து, லேசான சரிவு கொடுத்து, அந்தச் சரிவையும் மழமழப்பாக்க வேண்டும். ஈயத்தை வார்த்துச் செய்த குண்டென்றால் அதுவும் போதாது. வாயைச் சற்று விரித்தே ஆக வேண்டும். கழுத்துக்குள் முன்பு சுட்டபோது படிந்த கரியைப் பலர் சுரண்டி எடுப்பதில்லை. அந்தக் கரிதான் வழுவழுப்பு. பளபளவெனக் கழுவிய பித்தளை குண்டைக் கவ்விப் பிடிக்கும். சுத்தம் எப்போதும் நல்லது என்று வளர்ந்த நமக்கு ஏற்கச் சிரமம், ஆனால் உண்மை.

கருவியில் எனக்குப் பிடித்தது, வாஷிங்டன் மாநிலத்தின் காஷ்மீர் என்ற சிற்றூரில் எல்.இ. வில்சன் நிறுவனம் செய்யும், குண்டை அமர்த்தும் கை டை. உறை முழுவதையும் அணைத்துக்கொள்ளும் எஃகு உருளை அது. மேலிருந்து போடும் குண்டு, கழுத்தைத் தொடுவதற்கு முன்பே நேராக நிறுத்தப்பட்டுவிடுகிறது. பெரிய நெம்புகோல் பிரஸ்ஸில் இழுத்தால் எதையும் அமர்த்தலாம். ஆனால் எதுவும் கைக்குத் தெரியாது. சிறிய ஆர்பர் பிரஸ்ஸில் வில்சன் டையை வைத்து அழுத்தும்போது, ஒவ்வொரு கழுத்தின் இறுக்கமும் உள்ளங்கையில் பேசும். வழக்கத்துக்கு மாறாகத் தளர்ந்ததையும் முரண்டு பிடித்ததையும் அனுபவசாலி தனியே எடுத்து வைத்துவிடுவார். விசையைக் காட்டும் முள் வைத்த பிரஸ்ஸும் விற்கிறார்கள். வாங்கலாம், கை பழகிய பிறகு.

அடுத்தது ஆழம். மூக்கு நுனியிலிருந்து அளப்பவர் ஏமாறுவார், ஏனென்றால் நுனிகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. குண்டின் வளைவில், குழலின் உட்சுவரில் மேடாக நிற்கும் மரைத் திட்டுகள் முதலில் தொடும் இடத்திலிருந்தே அளக்க வேண்டும். பெஞ்ச்ரெஸ்ட்காரர்கள் பலர் குண்டைத் திட்டுகளின்மேல் அழுந்த வைப்பவர்கள். உருவியெடுத்துப் பார்த்தால் திட்டின் தடம் சதுரமாகப் பதிந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் பேச்சு. இதில் ஆபத்தும் இல்லாமலில்லை. தொடாமலிருந்த குண்டைத் தொடவைத்தால் அழுத்தம் ஏறும். மருந்தின் அளவைக் குறைத்துத் தொடங்க வேண்டும். சுடாமல் தோட்டாவை வெளியே இழுத்தால் குண்டு குழலிலேயே தங்கி, மருந்து உள்ளே கொட்டிவிடுவதும் உண்டு.

அமர்த்தும்போது பாதியில் நிறுத்தி, உறையை அரைவட்டம் திருப்பி, மறுபடி அழுத்துவது பழைய வழக்கம். சாய்வு சமமாகும் என்பார்கள். நல்ல டையும் ஒழுங்கான வாயும் இருந்தால் அது வெறும் சடங்கு என்பது என் எண்ணம். ஆட்டத்தை அளக்கும் கருவியில் தோட்டாவைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்து, கோணலை விரலால் நெம்பி நிமிர்த்துவதும் எனக்கு ஒப்பாது. கோணலாக நுழைந்ததை நிமிர்த்துவதால், சீவப்பட்ட அடி மீளாது. மான் சொன்ன பழுது அங்கேதான் இருக்கிறது.

நம் நாட்டில் இதை வீட்டுப் பொழுதுபோக்காகச் செய்ய முடியாது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம். ஆனால் அமெரிக்காவில் எங்காவது ஒரு பெஞ்ச்ரெஸ்ட் போட்டியைப் பார்க்க வாய்த்தால், சுடும் வரிசைக்குப் பின்னால் கூட்டத்தோடு நிற்காதீர்கள். தோட்டா நிரப்பும் மேசைகளின் பக்கம் போங்கள். கேட்டால் காட்டுவார்கள், ஆனால் தராசில் மருந்து நிறுக்கும்போது மட்டும் பேச்சுக் கொடுக்க வேண்டாம்.