ஏழாம் சுற்றில் யார் பிழை?

எதிர்வீட்டுப் பெண் ஒரு மாலை, பாதி பின்னிய வட்ட விரிப்பைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். "அக்கா, நாலு தடவை பிரிச்சுட்டேன். ஏழாவது ரவுண்ட்ல ஒரு கண்ணி மிஞ்சிக்கிட்டே இருக்கு. எனக்கு எண்ணவே வரலையோ என்னமோ" என்றாள். பிரித்துப் பிரித்துப் போட்டதில் அந்த இடத்து நூல் மட்டும் நைந்து பஞ்சு கிளம்பியிருந்தது.

குரோஷே பின்னுகிறவர்களிடம் இந்தக் கடைசி வாக்கியத்தைப் பல வருஷங்களாகக் கேட்டு வருகிறேன். பேட்டர்ன் அச்சில் இருக்கிறது, அச்சில் இருப்பது தப்பாகாது, ஆகவே தப்பு என் கையில்தான் என்ற முடிவுக்கு எல்லாரும் தாமாகவே வந்துவிடுகிறார்கள். உதவி கேட்கப் போனாலும் அந்த முடிவோடுதான் போகிறார்கள். உதவி செய்கிறவர்களும் அதையே நம்பிக்கொண்டு பதில் சொல்கிறார்கள். குழப்பும் பேட்டர்னுக்குக் கிடைக்கும் உதவிகளில் எது உண்மையில் உதவி என்று தீர்மானிக்க, இந்த ஒரு விரிப்பே போதும்.

அவள் முதலில் போனது காணொளிக்கு. பேட்டர்னில் முதல் சுற்று "வளையத்துக்குள் 6 டி.சி". டி.சி என்றால் டபுள் குரோஷே. காணொளியில் அந்தப் பெயரில் ஒருவர் அழகாக, மெதுவாகச் செய்து காட்டினார்: ஊசியை நுழைக்கும் முன்பே நூலை ஒரு தடவை சுற்றிக்கொள்ளும் நெட்டைப் பின்னல். அப்படியே போட்டாள். நாலு சுற்றில் விரிப்பு கிண்ணமாகக் குவிந்துவிட்டது.

காணொளியில் காட்டியவரும் தவறவில்லை, இவளும் தவறவில்லை. அமெரிக்காவில் டபுள் குரோஷே என்பது பிரிட்டனில் ட்ரெபிள். பிரிட்டனில் டபுள் குரோஷே என்பது அமெரிக்காவில் சிங்கிள் குரோஷே. முன்கூட்டி நூல் சுற்றாமல் நுழைத்து, இழுத்து, இரண்டு வளையத்தையும் ஒரே இழுப்பில் விடும் குட்டைப் பின்னல் அது. ஒரே பெயர், இரண்டு வேலை. ஊசியின் எண்ணிலும் இதே கூத்து: அமெரிக்க 8 ஆம் எண் ஊசி 5 மி.மீ., பிரிட்டனின் பழைய 8 ஆம் எண் 4 மி.மீ. எண் 6 என்றால் அப்படியே தலைகீழ். பேட்டர்னின் தலைப்பில் எந்த நாட்டுப் பெயர் என்று ஒரு சொல் போட்டிருந்தால் தீர்ந்திருக்கும். போடவில்லை. இது கற்பவரின் குறை ஆகாது.

இதைச் சரியாகக் கண்டுபிடித்துச் சொன்னது அவளுடைய பெரியம்மா, அதுவும் தொலைபேசியில். "எங்க காலத்து டபுள் குரோஷே குட்டையாத்தான்டி இருக்கும்" என்றாராம். பிரிட்டிஷ் பெயர்களில் கற்ற தலைமுறை அது. அந்த ஒரு வாக்கியம் ஒரு மணி நேரக் காணொளியை விடப் பெறுமானம் உள்ளது. ஆனால் பெரியம்மாவுக்கு அது ஞாபகத்தில் இருந்ததால்தான் தெரிந்தது. ஞாபகமே இல்லாதவரும் இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. அதைத்தான் முதலில் கற்றுத்தர வேண்டும் என்பது என் கட்சி.

வழி இதுதான். வட்டத்தின் ஆரம் எவ்வளவு கூடுகிறதோ அதைப்போல் ஆறு மடங்குக்குச் சற்றே அதிகமாகச் சுற்றளவு கூடும். குட்டைப் பின்னலின் உயரமும் அகலமும் ஏறக்குறைய ஒன்று. ஆகவே தட்டையாக விரிய வேண்டுமானால் ஒவ்வொரு சுற்றிலும் 6 கண்ணி கூட வேண்டும்: 6, 12, 18, 24. நெட்டைப் பின்னல் ஏறக்குறைய இரட்டிப்பு உயரம். அதற்கு 12, 24, 36 என்று போக வேண்டும். ஒரு தட்டை விரிப்பின் பேட்டர்ன் 6 டி.சி.யில் தொடங்கி ஆறு ஆறாகக் கூடினால் அந்த டி.சி. குட்டையாகத்தான் இருக்க முடியும். 12 இல் தொடங்கிப் பன்னிரண்டாகக் கூடினால் நெட்டை. மாற்றிப் போட்டால் துணியே காட்டிக்கொடுத்துவிடும்: கண்ணி போதாமல் கிண்ணமாகக் குவியும், அல்லது கண்ணி மிஞ்சி ஓரம் அலை அலையாக நெளியும். அவள் கையில் கிடந்த கிண்ணமே பேட்டர்ன் எந்த நாட்டுப் பேச்சில் எழுதப்பட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தது. அதைப் படிக்க யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.

இனி ஏழாம் சுற்று. இதற்கும் பெரியம்மாவைக் கேட்டிருக்கிறாள். "எங்கயோ ஒண்ணு விட்டிருப்ப, பிரிச்சுப் போடு" என்று பதில் வந்தது. உதவிகளில் மிக மலிவானதும் மிகக் கொடுமையானதும் இந்தப் பதில்தான் என்று நினைக்கிறேன். அன்போடு சொல்லப்பட்டது என்பதால் அதன் சேதம் குறைந்துவிடவில்லை. நாலு தடவை பிரித்த நூல் என் மடியில் கிடந்தது.

பேட்டர்னை வாங்கிப் பார்த்தேன். ஆறாம் சுற்று: நட்சத்திரக் குறி, அடுத்த நாலில் ஒவ்வொன்று, அதற்கடுத்ததில் இரண்டு, நட்சத்திரத்திலிருந்து 6 முறை திரும்ப. ஏழாம் சுற்று: எழுத்துக்கு எழுத்து அதே வரி. எந்தச் சுற்றின் முடிவிலும் மொத்தக் கண்ணி எத்தனை என்ற எண் இல்லை.

"எண்ணுவோமா?" என்றேன். ஆறாம் சுற்றுக்கு முன் கையில் 30 கண்ணி. ஒரு தொகுதிக்கு 5 கண்ணி செலவாகிறது. ஆறு தொகுதிக்கு 30, சரியாக முடிந்து 36 ஆகிறது. ஏழாம் சுற்றில் 36 கண்ணி மேல் அதே தொகுதி. 36 ஐ 5 ஆல் வகுத்தால் மீதி வரும். அடுத்த ஐந்தில் ஒவ்வொன்று என்று இருந்திருக்க வேண்டும். அப்போது தொகுதிக்கு 6, ஆறு தொகுதிக்கு 36, சுற்று முடிவில் 42. மேல் வரியைப் பிரதி எடுத்தவர் எண்ணை மாற்ற மறந்திருக்கிறார். அச்சுப் பிழை.

இதில் எனக்கு மிக ஆத்திரம் தந்த இடம் வேறு. "6 முறை திரும்ப" என்பதை இரண்டு விதமாகப் படிக்கலாம்: மொத்தம் ஆறு, அல்லது ஒரு முறை போட்ட பிறகு இன்னும் ஆறு, ஆக ஏழு. முன் சுற்றுகளில் அவள் வட்டம் முடியும்வரை போட்டுக்கொண்டே போனாள், சரியாக அமைந்தது. ஏழாம் சுற்றிலும் அப்படியே போனாள். ஏழு தொகுதிக்கு 35 போய் ஒரே ஒரு கண்ணி மிஞ்சியது. "மொத்தம் ஆறு முறை" என்று தெளிவாக எழுதியிருந்தால் ஆறு கண்ணி மிஞ்சி நின்றிருக்கும். ஆறு கண்ணி மிஞ்சினால் யாருக்கும் பேட்டர்ன் மேல் சந்தேகம் வரும். ஒன்று மிஞ்சினால் தன் மேல்தான் வரும். தெளிவில்லாத ஒரு சொற்றொடர் அச்சுப் பிழைக்கு மறைவிடம் கொடுத்து, பழியைக் கற்கிறவள் தலையில் போட்டுவிட்டது. சுற்று முடிவில் 42 என்ற இரண்டு இலக்கம் இருந்திருந்தால் போதும், நாலு மாலைப்பொழுது மிஞ்சியிருக்கும்.

சுருக்கெழுத்து வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு விரிப்பை முழு வாக்கியங்களில் எழுதினால் யாராலும் படிக்க முடியாது. 1840களில் லண்டனில் ரீகோ த லா ப்ராஞ்சார்தியேர் போன்றவர்கள் குரோஷே புத்தகங்களை அச்சில் கொண்டுவந்த நாளிலிருந்தே எழுத்தில்தான் இந்தக் கலை பயணப்பட்டிருக்கிறது. எழுத்தைச் சுருக்கலாம். சரிபார்க்கும் எண்ணைச் சுருக்கக் கூடாது.

குறியீட்டுப் படம் இருந்தால் இத்தனை தொல்லையும் இல்லையே என்பார்கள். பெரும்பகுதி உண்மை. ஜப்பானில் பின்னல் குறியீடுகளுக்குத் தொழில்துறைத் தரநிர்ணயமே உண்டு, ஜிஸ் எல் 0201. குட்டைப் பின்னலுக்கு ஒரு கூட்டல் அல்லது பெருக்கல் குறி. உயரமான பின்னலுக்கு ஒரு தண்டு, அதன் மேல் குறுக்குக் கோடு. நுழைக்கும் முன் எத்தனை தடவை நூலைச் சுற்றுகிறோமோ அத்தனை கோடு. பெயரே தேவையில்லை, ஆகவே இரண்டு நாட்டுச் சண்டையும் இல்லை. தமிழில் இந்தப் பின்னல்களுக்கு நிலைத்த பெயர் இல்லாத நமக்கு இது பெரிய வரம். 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் 11,148.5 சதுர மீட்டரில் உலகின் மிகப் பெரிய குரோஷே போர்வை என்று கின்னஸ் சாதனை படைத்த அளவுக்கு இங்கே தேர்ந்த கைகள் இருக்கின்றன. ஆனாலும் கற்கிற பெண் ஆங்கிலச் சுருக்கெழுத்தோடுதான் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

ஆனால் படம் எல்லாவற்றுக்கும் ஆகாது. அன்னாசி வடிவ லேஸுக்கு அது கண்கண்ட தெய்வம். பஞ்சு அடைக்கும் பொம்மைக்கு, நூறு பெருக்கல் குறியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக் கண் பூத்துப் போகும். அங்கே சுற்றுக்கு ஒரு வரியும் முடிவில் ஓர் எண்ணும் எவ்வளவோ மேல். கணினியைக் கேட்டுப் பேட்டர்ன் வாங்குகிறவர்களும் இப்போது உண்டு. என்னிடம் கொண்டுவந்த சிலவற்றில் மொழி சரளமாக இருந்தது, கூட்டிப் பார்த்தால் சுற்றுக்குச் சுற்று கணக்கு ஒத்துவரவில்லை. சரளம் இருக்கிற இடத்தில் சந்தேகம் வராது என்பதால் அது கூடுதல் ஆபத்து.

பக்கத்தில் உட்கார்ந்து, ஊசியைக் கையிலிருந்து வாங்கிப் போட்டுக் கொடுப்பதுதான் ஆகச் சிறந்த உதவி என்று பலர் நம்புகிறார்கள். ஊசியை எப்படிப் பிடிப்பது, நூலை விரலில் எவ்வளவு இறுக்குவது என்பதற்கு அது ஈடற்றது. பேட்டர்ன் குழப்பத்துக்கு அது உதவி அல்ல. போட்டுக் கொடுத்த சுற்று சரியாகும், அடுத்த பேட்டர்னில் அதே கதவை மறுபடி தட்ட வேண்டும்.

ஆகவே என் தீர்ப்பில் ஒளிவுமறைவு இல்லை. சுற்று முடிவில் எண் இல்லாத, எந்த நாட்டுப் பெயர் என்று சொல்லாத பேட்டர்ன் எவ்வளவு அழகான விரிப்பைத் தந்தாலும் குறையுள்ள பேட்டர்ன். குழம்பியவர் மேல் குற்றம் இல்லை. உதவிகளில் முதலிடம் எண்ணிப் பார்க்கச் சொல்லித் தருவதற்கு. அடுத்து, குறியீட்டுப் படம். காணொளி ஒரு பின்னலைக் கற்க நல்லது, ஒரு பேட்டர்னைப் புரிந்துகொள்ளப் போதாது. "பிரிச்சுப் போடு" உதவிக் கணக்கிலேயே வராது. கேட்கிறவரும் "வரலை" என்று மட்டும் கேட்கக் கூடாது; முந்தின சுற்றில் கையில் எத்தனை கண்ணி, இந்தச் சுற்றின் வரி அச்சில் எப்படி இருக்கிறது என்ற இரண்டையும் சொல்லிவிட்டால் எவ்வளவு தூரத்தில் இருப்பவரும் பதில் சொல்ல முடியும்.

அவள் பென்சிலை வாங்கி, ஏழாம் சுற்று வரியில் 4 ஐ அடித்து 5 என்று எழுதினாள். ஓரத்தில் 42. பிறகு எட்டாம் சுற்று வரியைப் படித்து, தனக்குள் முணுமுணுத்து எண்ணி, 48 என்று எழுதிவிட்டு என்னைப் பார்க்காமலே ஒன்பதாம் வரிக்குப் போனாள்.