கோஜிராவும் காட்சில்லாவும்: இஷிரோ ஹோண்டாவின் படங்களில் மொழிபெயர்ப்பின் பங்கு

1. முன்னுரை

ஒரு படைப்பாளியைப் பிறமொழியாளர் மதிப்பிடுங்கால் அவர்கள் மதிப்பிடுவது மூலத்தையா, மொழிபெயர்ப்பையா என்னும் வினா இலக்கியத் துறையில் பலகாலும் எழுப்பப்பட்டதே. திரைப்படத் துறையில் அஃது அத்துணை எழுப்பப்படவில்லை. படம் கண்ணுக்குரியது, ஆதலின் மொழி மாறினும் படம் மாறாது என்னும் எண்ணமே இதற்குக் காரணம் எனலாம். இவ்வெண்ணம் பிழையானது என்பதற்கு ஜப்பானிய இயக்குநர் இஷிரோ ஹோண்டாவின் (1911–1993) பெருவிலங்குப் படங்கள் தக்க சான்றாகும். ரப்பர் உடை அணிந்த நடிகர் பொம்மை நகரத்தை மிதித்து நொறுக்கும் சிறுவர் படங்கள் என்பதே ஜப்பானுக்கு வெளியே அவற்றைப் பற்றி நெடுங்காலம் நிலவிய கருத்தாகும். இக்கருத்து உருவானதில் மொழிபெயர்ப்பின் பங்கு யாது, இயக்குநரின் பங்கு யாது எனப் பிரித்தறிய இக்கட்டுரை முற்படுகிறது.

2. இயக்குநரும் காலமும்

யமகாத்தா மாநிலத்தில் பிறந்த ஹோண்டா 1933-இல் திரைப்படத் தொழிலில் நுழைந்தார். அவர் சேர்ந்த நிறுவனமே பின்னர்த் தோஹோ ஆயிற்று. இராணுவச் சேவைக்குப் பலமுறை அழைக்கப்பட்டமையால் அவருடைய இளமையின் பெரும்பகுதி சீனப் போர்க்களத்தில் கழிந்தது. போர் முடிவில் அங்குச் சிறைப்பட்டிருந்து 1946-இல் நாடு திரும்பினார். வரும் வழியில் ஹிரோஷிமாவின் அழிவை நேரிற் கண்டார். 1949-இல் அகிரா குரோசாவாவின் ‘நோரா இனு’ படத்தில் உதவி இயக்குநராகப் பணியாற்றிய பின்னர், 1951-இல் தம் முதற் கதைப்படத்தை இயக்கினார்.

1954 மார்ச் 1 அன்று பிகினித் தீவில் அமெரிக்கா நிகழ்த்திய ஹைட்ரஜன் குண்டுச் சோதனையின் கதிரியக்கச் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிக் கப்பலின் மேல் விழுந்தது. அதிலிருந்த 23 பேரும் நோயுற்றனர். வானொலி இயக்குநர் செப்டம்பர் 23 அன்று இறந்தார். அடுத்த ஆறு வாரங்களுக்குள், நவம்பர் 3 அன்று, ‘கோஜிரா’ திரைக்கு வந்தது. கடலில் தோன்றும் பேரொளியில் ஒரு கப்பல் அழிவதோடு அப்படம் தொடங்குகிறது. அன்றைய ஜப்பானியப் பார்வையாளருக்கு இக்காட்சிக்கு விளக்கவுரை தேவைப்பட்டிருக்காது. பிறநாட்டாருக்கோ இது வெறும் மர்மக் காட்சியே. உரையாடல் ஒன்றும் இல்லாத இடத்திலும் மொழிபெயர்ப்புச் சிக்கல் உண்டு என்பது இங்குக் கருதத்தக்கது.

3. பெயரின் பயணம்

‘கோஜிரா’ என்னும் பெயர், கொரில்லாவைக் குறிக்கும் ‘கொரிரா’ என்னும் சொல்லின் முதலையும், திமிங்கிலத்தைக் குறிக்கும் ‘குஜிரா’ என்னும் சொல்லின் ஈற்றையும் இணைத்து ஆக்கப்பட்டது. நிலத்தின் வலிமையும் நீரின் பெருமையும் ஒரு சொல்லில் இணைகின்றன. ஜப்பானிய ரகரம் நாவால் ஒருமுறை தட்டி ஒலிக்கப்படுவது. ஆங்கில எழுத்துப்பெயர்ப்பு அதனை இரட்டை லகரமாக்கியது. அதனோடு முதல் அசைகளில் கடவுளைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் வந்து அமைந்தது. மூலத்தில் இல்லாத இத்தெய்வச் சாயலை ஆங்கிலம் பேசுவோர் இன்றும் அப்பெயரின் இயல்பான பொருளாகக் கொள்கின்றனர். தமிழில் வழங்கும் ‘காட்சில்லா’ ஆங்கிலத்தின் வழி வந்த வடிவமே. ‘கோஜிரா’ என எழுதத் தமிழ் எழுத்து இடந்தரும்போது நாம் இடைவழியைத் தேர்ந்தது நோக்கத்தக்கது.

4. 1956-ஆம் ஆண்டு ஆங்கில வடிவம்

மூலப்படம் 96 நிமிடம் ஓடுவது. 1956-இல் அமெரிக்காவில் வெளியான வடிவம் 80 நிமிடமே ஓடியது. ரேமண்ட் பர் நடித்த அமெரிக்கச் செய்தியாளர் பாத்திரத்திற்கெனப் புதிதாக எடுத்த காட்சிகளும் அந்த 80 நிமிடத்துள் அடங்கும். எனவே மூலத்திலிருந்து நீங்கியது 16 நிமிடத்தினும் மிகுதி.

நீங்கியவை எவை என்பதே முதன்மையான வினா. மின்தொடர் வண்டியில் பயணம் செய்யும் இளம்பெண் ஒருத்தி, கதிரியக்கம் படிந்த மீனையும் மழையையும் கோஜிராவையும் ஒரே மூச்சில் குறிப்பிட்டு, நாகசாகியில் தப்பிய உயிர் இது என்று கூறும் இடம் நீங்கியது. கோஜிராவின் தோற்றத்திற்குக் குண்டுச் சோதனையே காரணம் என்பதை மக்களுக்கு அறிவிக்கலாமா, பிறநாட்டுறவு கெடுமே என நாடாளுமன்றக் குழுவினர் பூசலிடும் இடமும் நீங்கியது. இறுதியில், சோதனைகள் தொடர்ந்தால் உலகில் எங்கேனும் மற்றொரு கோஜிரா தோன்றக்கூடும் என்று பேராசிரியர் யமானே வருந்தும் கூற்று, ஆபத்து ஒழிந்தது, உலகம் மீண்டும் வாழலாம் என்னும் செய்தியாளரின் ஆறுதல் உரையாக மாறிற்று. எச்சரிக்கையாக முடிந்த படம் நிம்மதியாக முடிகிறது. இதனைச் சுருக்கம் என்பதினும் பொருள் மாற்றம் என்பதே பொருந்தும்.

எனினும் இவ்வடிவத்தை முற்றிலும் பழித்தல் நடுநிலை ஆகாது. குண்டுச் சோதனையே விலங்கை எழுப்பியது என்னும் செய்தி அதில் எஞ்சியுள்ளது. ஜப்பானியர் பேசும் பல இடங்களில் அவர்தம் மொழியே ஒலிக்க, உடன் நிற்பவர் செய்தியாளருக்கு அதனை எடுத்துரைக்கிறார். மொழிபெயர்ப்பு நிகழ்கிறது என்பதை மறைக்காத நேர்மை இவ்வுத்தியில் உண்டு. உதட்டசைவுக்கு ஏற்ப ஆங்கிலம் பேசவைத்த பிற்காலப் படங்களில் இந்நேர்மை இல்லை. இவ்வடிவமே 1957-இல் ஜப்பானிய எழுத்துரையுடன் ஜப்பானுக்கே திரும்பியது என்பது மொழிபெயர்ப்பு வரலாற்றில் அரிய நிகழ்ச்சியாகும். திருத்தப்படாத மூலம் அமெரிக்கத் திரையரங்குகளில் பரவலாக வெளியானதோ 2004-இல் தான்.

5. ‘மொசுரா’: மொழியியலாளர் ஒருவர்

1961-இல் ஹோண்டா இயக்கிய ‘மொசுரா’ மொழியியலாளர் கருத்தில் கொள்ளவேண்டிய படம். அணுகுண்டுச் சோதனைக்கு இரையான இன்பான்ட் தீவிலிருந்து இரு சிறு பெண்களைக் காட்சிப்பொருளாக்கக் கவர்ந்துவருகிறான் ஒரு வணிகன். அவர்களை மீட்க மொசுரா என்னும் மாபெரும் அந்துப்பூச்சி வருகிறது. படத்தில் இடம்பெறும் சுஜோ என்பவர் மொழியியல் அறிஞர். தீவின் கல்வெட்டை ஆராய்ந்து மொசுரா என்னும் பெயரைக் கண்டறிபவர் அவரே. இறுதியில் பூச்சியை அமைதிப்படுத்துவதும் அக்கல்வெட்டின் குறியீடே; படைக்கலம் அன்று. பிறர் மொழியை அறிதலே பகையைத் தீர்க்கும் வழி எனப் படம் கூறுகிறது.

வணிகனின் நாட்டுப்பெயர் ‘ரோரிஷிகா’. ரோஷியா, அமெரிக்கா என்னும் இரு ஜப்பானிய வடிவங்களின் அசைகளை மாறிமாறிக் கோத்து ஆக்கிய பெயர் அது. இரு வல்லரசுகளையும் ஒருங்கே சாடும் இச்சொல்லாட்சி ஆங்கில எழுத்தில் வெறும் கற்பனைப் பெயராகிவிடுகிறது.

ஆயினும் படத்தின் கொள்கைக்கும் செயலுக்கும் இடையே ஒரு முரண் உண்டு. சிறு பெண்கள் பாடும் புகழ்பெற்ற பாட்டு இந்தோனேசிய மொழியில் அமைந்தது. 1942 முதல் 1945 வரை ஜப்பான் ஆண்ட நாட்டின் உயிருள்ள மொழி, ஜப்பானியப் பார்வையாளருக்கு அறியாத் தீவின் மந்திர ஒலியாகப் பயன்படுகிறது. தீவு மக்களாக நடிப்போரும் மேனிக்குக் கருமை பூசிய ஜப்பானியரே. பிறர் மொழியை மதிக்கச் சொல்லும் படம் ஒரு மொழியை ஓசையாக மட்டும் கொண்டது. இக்குறை மொழிபெயர்ப்பாளரால் நேர்ந்ததன்று, மூலத்திற்கே உரியது.

6. பிற்காலப் படங்கள்

1962-இல் வந்த கிங்காங்கும் கோஜிராவும் பொரும் படம், தொலைக்காட்சி விளம்பர வணிகத்தை எள்ளும் நகைச்சுவைப் படமாகும். மறு ஆண்டு வந்த அமெரிக்க வடிவத்தில் செய்தி வாசிப்போர் புகுத்தப்பட்டனர். அகிரா இஃபுகுபேயின் இசை பெரும்பாலும் அகற்றப்பட்டது. எள்ளல் மங்கி மோதல் மட்டும் மிஞ்சியது. 1969-ஆம் ஆண்டுப் படம் தொழில் நகரில், பெற்றோர் வேலைக்குச் சென்றபின் பூட்டிய வீட்டுக்குத் திரும்பும் இச்சிரோ என்னும் சிறுவனின் தனிமையைப் பற்றியது. விலங்குகள் அவன் கனவிலேயே வருகின்றன. இதற்கு ஆங்கிலத்தில் இட்ட தலைப்பு ‘காட்சில்லாவின் பழிவாங்கல்’ எனப் பொருள்படும். படத்தில் அத்தகைய பழிவாங்கல் ஏதும் இல்லை. தலைப்பை நம்பிச் சென்றவர் ஏமாந்ததில் வியப்பில்லை.

எனினும் அப்படத்தில் பழைய படங்களின் மோதற் காட்சிகள் மீண்டும் எடுத்தாளப்பட்டமை உண்மை. ஒரே வாய்பாட்டில் பல படங்கள் வந்தமையும் உண்மை. 1975-இல் தம் இறுதிப் படத்தை முடிக்குமுன் ஹோண்டாவின் ஆற்றல் இவ்வாய்பாட்டில் பெரிதும் தேய்ந்தது என்றே கூறவேண்டும். பின்னர் அவர் குரோசாவாவின் ‘ககெமுஷா’ (1980) முதல் ‘மாதாதயோ’ (1993) வரையிலான ஐந்து படங்களில் உடனுழைத்தார்.

7. தமிழில் ‘கைஜூ’

இவ்வகை விலங்கைக் குறிக்கும் ஜப்பானியச் சொல் ‘கைஜூ’. ‘கை’ என்பது விளங்காத வியப்பையும் ‘ஜூ’ என்பது விலங்கையும் குறிக்கும். தமிழில் ‘அரக்கன்’, ‘இராட்சத மிருகம்’ என வழங்குகிறோம். அரக்கன் என்றவுடன் அறம் பிறழ்ந்தவன், கொல்லப்பட வேண்டியவன் என்னும் பொருள் உடன்வருகிறது. கோஜிரா அத்தகையதன்று, அதுவே குண்டால் வெந்த உயிர். அதனைக் கொல்ல நேர்ந்ததற்கு யமானே வருந்துகிறார். தன் கருவி மீண்டும் போருக்குப் பயன்படாதிருக்கக் குறிப்புகளை எரித்து, கடலடியிலேயே உயிர்விடுகிறார் செரிசாவா. ‘அரக்கன்’ என்று எழுதிய மொழிபெயர்ப்பாளருக்கு இவ்விரண்டு செயலும் விளங்காமற் போகும். அச்சமும் வணக்கமும் ஒருங்கே தரும் ஆற்றலைக் குறிக்க ‘அணங்கு’ என்னும் பழஞ்சொல் நம்மிடம் உண்டு. ஆனால் அது விலங்கைச் சுட்டாது. ‘விந்தை விலங்கு’ பொருளால் நெருங்கினும் அச்சம் குறைந்தது. ஆதலின் ‘கைஜூ’ என்றே எழுதி முதலிடத்தில் விளக்குதல் தக்கது என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

8. முடிவுரை

ஹோண்டாவின் படங்கள் யாவும் உயர்ந்தவை அல்ல. ஆனால் அவற்றுள் உயர்ந்ததை உலகம் ஐம்பது ஆண்டுகள் அதன் இறுதிச் சொற்கள் இன்றியே கண்டது. அது சிறுவர் படம் என்னும் தீர்ப்பும் அக்காலத்தே எழுந்தது. தீர்ப்பு வழங்கியோர் பொய்யுரைத்தாரல்லர். தாம் கண்டதையே கூறினர். அவர்கள் கண்டது எது என்பதை எடுத்துச் சொல்லும் கடமை மொழிபெயர்ப்புத் திறனாய்வுக்கு உரியது.