கற்பகவல்லியும் இணுவில் மேளமும்

மயிலாப்பூர்க் கற்பகாம்பாள் மேல் டி. எம். சௌந்தரராஜன் பாடிய 'கற்பகவல்லி' பாட்டைக் கேட்காத தமிழர் குறைவு. நவராத்திரிக்கும் ஆடி வெள்ளிக்கும் கோயில் ஒலிபெருக்கியில் அது தவறாமல் வரும். அதை எழுதியவர் யாழ்ப்பாணத்து இணுவிலில் 1931இல் பிறந்த ந. வீரமணி ஐயர் என்பதுதான் தீபகற்பத்துக்கு வெளியே பலருக்குத் தெரியாது. ஐயப்பன் பாட்டுகளால் பேர்பெற்ற பாடகர் கே. வீரமணி என்றுகூடச் சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். அவர் வேறு, இவர் வேறு.

யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதியில் வடக்கே போனால் கொக்குவிலைத் தாண்டி வருவது இணுவில். செம்மண் நிலம், புகையிலைத் தோட்டம், கூப்பிடு தூரத்துக்கு ஒரு கோயில். 'பஞ்சவன்னத்தூது' பாடிய சின்னத்தம்பிப் புலவரின் ஊர் அது. நாதஸ்வரமும் தவிலும் தலைமுறை தலைமுறையாக வாசித்த குடும்பங்களின் ஊரும் அதுதான்.

இத்தனை இசை அங்கே விளைந்ததற்குக் காரணம் திருவிழா. யாழ்ப்பாணக் கோயில்களில் ஒவ்வொரு நாள் திருவிழாவும் ஒவ்வோர் உபயகாரருடையது. நேற்றைய மேளத்தை இன்றைய மேளம் வெல்ல வேண்டும் என்ற போட்டியில் ஒன்றுக்கு மேற்பட்ட கூட்டங்களைப் பிடிப்பார்கள். கடல்கடந்து தஞ்சாவூர்ப் பக்கத்து வித்துவான்களையும் வரவழைப்பார்கள். சுவாமி வீதியில் நிற்க, இரவெல்லாம் மேளச்சமா நடக்கும். அந்த வீதியில் உட்கார்ந்து கேட்ட ஊர்ப் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய பள்ளிக்கூடம் ஏது?

அப்படி வளர்ந்தவர்தான் தவில் மேதை தெட்சணாமூர்த்தி. வீரமணி ஐயருக்கு இரண்டு வயது இளையவர். 1933இல் தவில் வித்துவான் விசுவலிங்கத்தின் மகனாகப் பிறந்தார். பின்னாளில் நாச்சியார்கோயில் ராகவப்பிள்ளையிடமும் கற்றார். அளவெட்டியில் குடியிருந்து, அவ்வூர் நாதஸ்வர வித்துவான் என். கே. பத்மநாதனுக்கு வாசித்தார்.

தவில் எளிதில் வசப்படாத வாத்தியம். பலாமரத்தைக் குடைந்த உடல், இறுக்கிய தோல். வலக்கை விரல்களில் கெட்டியான கூடுகளை மாட்டிக்கொண்டு ஒரு பக்கம் வாசிக்க வேண்டும், இடக்கையில் கழி. கூடு மாட்டிய விரலால் வேகமாக வாசிக்கும்போது தாளச் சொற்கள் ஒன்றோடொன்று குழம்புவது இயல்பு. தெட்சணாமூர்த்தியின் ஒலிப்பதிவுகளில் அந்தக் குழப்பம் இல்லை. எத்தனை வேகத்திலும் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியே காதில் விழுகிறது. சத்தம் பெரிதாகும் இடத்திலும் நாதம் கெடுவதில்லை. தாளக் கணக்கு தெரியாதவரையும் அது கட்டிப்போடும்.

வீரமணி ஐயர் போன வழி வேறு. மானிப்பாய் இந்துக் கல்லூரியில் படித்தவர், சென்னை கலாக்ஷேத்திராவில் சேர்ந்தார். ருக்மிணி தேவி உருவாக்கிய அந்தச் சூழலில் நடனம், எம். டி. ராமநாதனிடம் இசை. பாபநாசம் சிவனின் தொடர்பும் கிடைத்தது. அந்த நகரத்து அம்மன் மேல் எழுந்ததே 'கற்பகவல்லி'.

அது ராகமாலிகை. ஆனந்தபைரவி, கல்யாணி, பாகேஸ்ரீ, ரஞ்சனி என்று ராகம் மாறும்போதெல்லாம், அந்த ராகத்தின் பெயராலேயே அம்மனை விளிக்கிறார். கல்யாணி அம்பாளுக்கு வழங்கும் பெயர்தான், அங்கே சிரமமில்லை. வடநாட்டிலிருந்து வந்த பாகேஸ்ரீயை என்ன செய்வது? அதே ஓசையுள்ள அம்மன் பெயர்களை எதுகையாக முன்னே அடுக்கி, ராகத்தின் பெயரையும் அந்த வரிசையில் தேவியின் பெயராகவே ஆக்கிவிடுகிறார். கேட்பவருக்கு ராகத்தின் பெயர் முத்திரையாக வந்ததே தெரியாது, பக்திதான் தெரியும். சாகித்தியகர்த்தாவின் கைத்திறன் என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

ஊர் திரும்பிய ஐயர் கோப்பாய் ஆசிரிய கலாசாலையில் விரிவுரையாளரானார். அங்கே பயின்ற ஆசிரியர்கள் வழியாக அவர் பாட்டுகள் பள்ளிக்கூடங்களுக்குப் போயின. 72 மேளகர்த்தா ராகங்களிலும் உருப்படிகள் செய்தார். நாட்டிய நாடகங்கள் எழுதினார். ஊர்க் கோயில் தெய்வங்கள் மேல் கேட்டவர்க்கெல்லாம் பாடிக்கொடுத்தார். அந்தப் பாட்டுகளில் மிகப் பல தீபகற்பத்தைத் தாண்டவில்லை. ஒரே ஒரு பாட்டு உலகம் முழுக்கப் போயிற்று. அதுவும் பாடியவர் பெயரோடுதான் போயிற்று.

தெட்சணாமூர்த்தி 1975இல், நாற்பத்தோராம் வயதில் மறைந்தார். நாற்பது ஆண்டுகள் கழித்து அம்ஷன் குமார் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படம் இந்திய தேசிய விருது பெற்றது; தமிழ்நாட்டின் புதிய தலைமுறை அவரைத் தேடிக் கேட்க அது வழிசெய்தது. 2003இல் மறைந்த வீரமணி ஐயருக்கு அப்படி ஒரு படம்கூட வேண்டியதில்லை. அடுத்த நவராத்திரிக்கு உங்கள் சபையிலோ பள்ளியிலோ 'கற்பகவல்லி' பாடினால், நிகழ்ச்சி நிரலில் பாட்டுக்குப் பக்கத்தில் எழுதுங்கள்: இயற்றியவர், இணுவில் வீரமணி ஐயர்.