வழக்குமன்றமும் அடுக்களையும்

நம் சங்கத்து ஆண்டு விழாவில் பிள்ளைகள் நாடகம் போடும்போதெல்லாம் ஒரு காட்சி தவறாமல் இடம்பெறும். ஒரு சிறுமி தலைமுடியை விரித்துப் போட்டுக்கொண்டு, கையில் ஒற்றைச் சிலம்போடு பாண்டியன் முன் வந்து நிற்பாள். பெரும்பாலும் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளையாக இருக்கும். வசனத்தை இந்தி எழுத்தில் எழுதி வைத்து மனப்பாடம் செய்திருக்கும். ஆனாலும் சிலம்பை உடைக்கிற இடத்தில் கைதட்டல் கூரையைப் பிளக்கும். நானும் கை தட்டியவன்தான்.

போன ஆண்டு ஒத்திகையின்போது என் பேத்தி என்னிடம் கேட்டாள்: "தாத்தா, கண்ணகி கோர்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடி என்ன பண்ணிட்டிருந்தா?"

"சமைச்சுக்கிட்டிருந்தாம்மா" என்றேன்.

சிரித்துவிட்டாள். தாத்தா விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தாள் போலும். அந்தச் சிரிப்புக்குப் பதிலாகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

நான் புலவன் அல்லன். வந்தவாசிப் பக்கம் ஒரு சிற்றூரில், தமிழ்ச் சமணக் குடும்பத்தில் பிறந்தவன். பள்ளிப் படிப்போடு நிறுத்திக்கொண்டு 1978ல் பம்பாய்க்கு வந்து, பாத்திர வியாபாரம் செய்து பிழைத்தவன். கடையில் ஆள் இல்லாத மதிய நேரத்தில் கல்லாவில் உட்கார்ந்து படித்ததுதான் என் தமிழ்ப் படிப்பு. பிழை இருந்தால் கற்றறிந்தோர் பொறுத்தருள வேண்டும்.

கண்ணகி என்றதும் நமக்கு நீதி கேட்கும் காட்சி மட்டும் நினைவுக்கு வருவதற்குச் சினிமா ஒரு பெரிய காரணம் என்பது என் கருத்து. 1942ல் ஜூபிடர் நிறுவனத்தின் 'கண்ணகி' வந்தது. பி.யு. சின்னப்பாவும் கண்ணாம்பாவும் நடித்தார்கள். இளங்கோவன் எழுதிய வசனத்தைக் கண்ணாம்பா பேசியதை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1964ல் கலைஞர் மு. கருணாநிதியின் எழுத்தில் 'பூம்புகார்' வந்தது. அதில் விஜயகுமாரி கண்ணகி, எஸ்.எஸ். ராஜேந்திரன் கோவலன். இரண்டு படங்களுக்கும் வசனமே உயிர். வசனத்துக்கு ஏற்ற இடம் அரசவைதானே? எனவே காப்பியத்தின் இருபதாம் காதையாகிய வழக்குரை காதை நம் மனத்தில் முழுச் சிலப்பதிகாரமாகவே ஆகிவிட்டது.

'பூம்புகார்' எங்கள் பக்கத்து டூரிங் டாக்கீஸுக்கு வந்தபோது எனக்குப் பத்து வயது இருக்கலாம். எங்கள் வீட்டில் இருட்டிய பிறகு யாரும் உண்ணமாட்டார்கள். பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துக்கொண்டு அம்மாவோடு நடந்தே போனோம். கவுந்தியடிகளாக வந்தவர் கே.பி. சுந்தராம்பாள். 'ஔவையார்' படத்தில் ஊரே கும்பிட்ட அம்மையார், சமணத் துறவியாக வந்து நின்றதும் அம்மா என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டார். சினிமாவில் 'நம்மவர்' ஒருவரை அன்றுதான் அவர் பார்த்தார். அந்த மகிழ்ச்சியைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் பிற்காலத்தில் நூலைப் படித்தபோது வேறொரு கவுந்தியைக் கண்டேன். நாடுகாண் காதையில், மதுரைக்குப் போகும் வழியைப் பற்றி அவர் கோவலனை எச்சரிக்கிறார். நீர்க்கரையோரம் நடந்தால் நண்டும் நத்தையும் காலில் மிதிபடும், அந்தத் துன்பம் தாங்க முடியாதது என்கிறார். திரையில் சுந்தராம்பாளின் குரல் வானத்தைத் தொடுகிறது. காப்பியத்தில் கவுந்தியின் கண் தரையில் கிடக்கும் நத்தையைத் தேடுகிறது. இரண்டுக்கும் உள்ள தூரந்தான் நான் சொல்ல வந்தது.

இனி அடுக்களைக்கு வருவோம். பதினாறாவதாகிய கொலைக்களக் காதை பெயரளவில்தான் கொலைக்களம். அதன் முற்பகுதி முழுவதும் சமையல். மாதரி ஆய்ச்சியரிடம், இவர்கள் சாவக நோன்பிகள், பகற்பொழுதிலேயே உண்பவர்கள், சமைப்பதற்கு நல்ல பாத்திரங்களைச் சீக்கிரம் கொடுங்கள் என்கிறாள். பாத்திரக் கடைக்காரனான எனக்கு இந்த இடம் பிடித்துப் போனதில் வியப்பில்லை! பிஞ்சு வெள்ளரி, மாதுளங்காய், மாங்கனி, வாழைப்பழம், சாலி அரிசி, பால் எல்லாம் வருகின்றன. ஐயை வைக்கோல் தீ மூட்டுகிறாள். காய் நறுக்கி நறுக்கிக் கண்ணகியின் விரல் சிவக்கிறது, முகம் வியர்க்கிறது, புகையில் கண் சிவக்கிறது. கோவலனின் காலைக் கழுவி, தரையில் நீர் தெளித்துக் கையால் துடைத்து, வாழைக் குருத்தை விரித்துப் பரிமாறுகிறாள். அதுதான் கோவலனின் கடைசிச் சாப்பாடு.

உண்ட பிறகு கோவலன் தன் தவறுகளைச் சொல்லி வருந்துகிறான். அப்போது கண்ணகி வாய் திறந்து ஒரு குறை சொல்கிறாள். மாதவியைப் பற்றியா? இல்லை. அறவோர்க்குக் கொடுப்பதும், துறவியரை எதிர்கொள்வதும், விருந்தினரை வரவேற்பதும் உங்களால் எனக்கு இல்லாமற் போயின என்கிறாள். ஒரு குடும்பப் பெண் தன் வீட்டு வாசலை இழந்த துக்கம் அது. பாண்டியனிடம் கண்ணகி கேட்ட நீதி பெரியதுதான். ஆனால் எதை இழந்ததற்காக அந்த நீதி என்பது அடுக்களையில் அல்லவா இருக்கிறது! அந்தச் சாப்பாட்டைப் பார்க்காதவனுக்கு அரசவைக் கோபம் வெறும் சத்தமாகத்தான் கேட்கும்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. 1986 டிசம்பரில் அப்பா ஊரிலிருந்து பம்பாய் வந்திருந்தார். பெருமைக்காக அவரை மாட்டுங்கா அரோரா தியேட்டருக்கு, மூன்று மணிக் காட்சிக்கு அழைத்துப் போனேன். படத்தின் பெயர் வேண்டாம். நீளமான வசனமும் நீதிமன்றமும் நிறைந்த படம். வெளியே வரும்போது சூரியன் மறைந்துவிட்டிருந்தது. வீட்டுக்கு வந்து என் மனைவி இலை போட்டாள். "பசியில்லம்மா" என்று சொல்லிவிட்டு அப்பா படுத்துக்கொண்டார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. காலையில் பதினொரு மணிக்குச் சாப்பிட்டவர். நள்ளிரவில்தான் எனக்கு உறைத்தது. எழுப்பிக் கேட்டேன். "படம் நல்லாத்தான் இருந்துச்சு, தூங்குடா" என்றார். ஊரில் அம்மா சூரியனைப் பார்த்து உலை வைப்பார். எட்டு வருஷப் பம்பாய் வாழ்க்கையில் நான் சூரியனைப் பார்ப்பதையே மறந்து போயிருந்தேன்.

பின்னால் ஒருநாள் கடையில் உட்கார்ந்து மாதரி சொன்ன அந்த வரிகளைப் படித்தபோது எனக்கு உரை தேவைப்படவில்லை. அப்பா பசியோடு படுத்திருந்த அந்த இரவே உரையாக இருந்தது. உ.வே. சாமிநாதையர் 1887ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிப்பதற்கு முன், விளங்காத சமணச் செய்திகளைக் கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குப் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார் என்பதை அன்பர்கள் அறிவார்கள். ஏட்டில் புரியாதது வீட்டில் புரிந்தது. அன்றாட வாழ்க்கைதான் இலக்கியத்துக்கு முதல் உரையாசிரியர்.

அப்படியானால் நம் சினிமாவில் அடுக்களையே இல்லையா? உண்டு. வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு அதைக் கொண்டுவந்து காட்டியது தூர்தர்ஷன். ஞாயிற்றுக்கிழமை மதியம் மாநில மொழிப் படம் போடுவார்கள். தமிழின் முறை எப்போது வரும் என்று காத்திருப்போம். எங்கள் சாலில் இரண்டு வீட்டில்தான் டி.வி. காது கேளாதோர் செய்தி ஓடும்போதே பாய் விரித்து இடம் பிடித்துவிடுவோம். மராட்டிக்காரப் பாட்டியும் வந்து உட்காருவார்.

அப்படிப் பார்த்ததுதான் 1988ல் வெளிவந்த பாலு மகேந்திராவின் 'வீடு'. பாட்டு இல்லை, சண்டை இல்லை. வேலைக்குப் போகும் ஒரு பெண், தங்கை, தாத்தா. குடியிருக்கும் வீட்டைக் காலி செய்ய வேண்டிய நிலையில், கடன் வாங்கி ஒரு சின்ன வீடு கட்டப் பார்க்கிறார்கள். தாத்தாவாக நடித்த சொக்கலிங்க பாகவதர், முடியாத வீட்டைத் தனியாகப் போய்ப் பார்த்து அதன் சுவரைத் தடவுகிறார். ஒரு வசனமும் இல்லை. தமிழ் ஒரு சொல்லும் தெரியாத அந்த மராட்டிப் பாட்டி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைசியில் அந்தப் படமும் நீதிமன்றத்தில்தான் போய் முடிகிறது. ஆனால் அதற்குள் ஒவ்வொரு செங்கல்லின் விலையும் நமக்குத் தெரிந்துவிடுகிறது. அதனால் வலிக்கிறது. இளங்கோவடிகள் வைத்த வரிசையும் இதுதான்: முதலில் வீடு, பிறகு வழக்கு.

இந்தியிலும் ஒரு படம் சொல்ல வேண்டும். பாசு சாட்டர்ஜியின் 'பியா கா கர்' 1972ல் வந்தது. கிராமத்துப் பெண்ணாக ஜெயா பாதுரி பம்பாய்ச் சாலுக்கு மருமகளாக வருகிறார். கூட்டுக் குடும்பம், இடமில்லை. புதுமணத் தம்பதிக்குச் சமையலறையில் படுக்கை. இதை டி.வி.யில் பார்த்தபோது என் மனைவி சொன்னது இன்னும் நினைவில் இருக்கிறது: "நம்ம கதைய இவங்களுக்கு யாரு சொன்னது?" பத்துக்குப் பன்னிரண்டு அறையில், அண்ணன் குடும்பத்தோடு, பகல் வெளிச்சத்துக்குள் சமையலை முடிக்கப் போராடியவள் அவள்.

வசனப் படங்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவை தமிழை நம் காதில் ஏற்றின. இங்கே வளரும் பிள்ளைகளுக்குத் தமிழின் கம்பீரத்தை இன்றும் அவையே சொல்கின்றன. ஆனால் ஊரை விட்டு வந்த நாம் மூட்டையில் கட்டிக்கொண்டு வந்தது அரசவையை அல்ல. அரிவாள்மணையையும் தூக்குச்சட்டியையும் பொழுதோடு உண்ணும் வழக்கத்தையும்தான். இவற்றுக்குப் பொருள் சொல்லிக் கொடுக்காமல் சிலம்பை உடைக்க மட்டும் கற்றுக் கொடுத்தால், பிள்ளைகளிடம் கோபம் தமிழில் இருக்கும். குடும்பம் தமிழில் இருக்காது.

ஆகவே ஒரு சிறு வேண்டுகோள். அடுத்த ஆண்டு விழாவில் அரசவைக் காட்சிக்கு முன்னால் ஐந்து நிமிடம் அடுக்களைக் காட்சி வையுங்கள். ஒரு பெண் காய் நறுக்கட்டும், ஒரு பையன் இலையில் உட்காரட்டும், ஒருவரும் கத்திப் பேச வேண்டாம். பாத்திரங்களை நானே கடையிலிருந்து கொண்டுவந்து தருகிறேன். காய் நறுக்க என் பேத்தி சம்மதித்துவிட்டாள்.