யானை வராத மணியோசை

சென்னையில் இந்த வாரம் எந்த நாவல் பேசப்படுகிறது என்பது மலேசியாவின் ஜொகூர் பாருவில் இருக்கும் ஒரு தமிழ் வாசகருக்குத் தெரியாமல் போக வழியே இல்லை. ஜெயமோகனின் தளத்தில் ஒவ்வொரு நாளும் புதிதாக ஏதாவது வந்திருக்கும். எஸ். ராமகிருஷ்ணனும் சாரு நிவேதிதாவும் தாங்கள் படித்ததையும் பார்த்ததையும் தங்கள் தளங்களில் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். 1999இல் தொடங்கிய திண்ணையும் 2009இல் வந்த சொல்வனமும் கட்டுரைகளைச் சேர்த்துச் சேர்த்துப் பெரிய நூலகங்களாகவே ஆகிவிட்டன. விடியுமுன் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸை நோக்கி ஊர்ந்து போகும் தொழிற்சாலைப் பேருந்தில் ஒரு மதிப்புரையைப் படித்து முடித்து, ஒரு திரை விமர்சனத்தையும் பார்த்து முடிக்க எல்லைப் பாலத்து நெரிசல் தாராளமாகவே நேரம் தருகிறது. அதே கைப்பேசியில் ஒரு மலேசியத் தமிழ் நாவலைத் தேடிப் பாருங்கள். ஒரு மதிப்புரை கிடைக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டு. நாவல் கிடைப்பது அதைவிடக் கஷ்டம். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். இங்கே பல நேரம் மணியோசையோடு சரி. நம் விமர்சனம் கடுமையானது என்று சிலரும், முகத்துதி என்று வேறு சிலரும் குறைப்படுகிறார்கள். என் பார்வையில் இரண்டுமே பெரிய நோய் அல்ல. ஒரு படைப்புக்கு ஒரே ஒரு குரல்தான் இருக்கிறது, அதை மறுத்துப் பேச இன்னொருவர் இல்லை என்பதுதான் நோய்.

தமிழ்நாட்டில் ஒரு விமர்சகர் தவறிவிட்டால் பெரிய சேதம் இல்லை. வேறு நாலு பேர் எழுதுவார்கள், புத்தகக் கண்காட்சியில் நூல் கைக்கு வரும், வாசகர் தானே புரட்டிப் பார்த்துக்கொள்வார். இங்கே நூல் புழங்கும் விதமே வேறு. மலேசியத் தமிழ் நூல்களில் பெரும்பாலானவற்றுக்கு வெளியீட்டு விழாதான் சந்தை. மண்டபம் எடுத்து, ஓர் அரசியல் தலைவரையோ தொழிலதிபரையோ அழைத்து, அவர் முதல் நூலைப் பெரிய தொகை கொடுத்துப் பெற்றுக்கொள்ள, மற்றவர்கள் வரிசையில் வந்து உறை கொடுத்து நூல் வாங்குவார்கள். எழுத்தாளரின் அச்சுச் செலவு அந்த ஒரு மாலையில் திரும்பினால்தான் உண்டு. மிஞ்சிய படிகள் அட்டைப்பெட்டிகளில் வீடு திரும்பும். விழாவில் ‘நூலாய்வு’ என்று ஓர் அங்கம் இருக்கும். சால்வையும் மாலையும் புழங்கும் மேடையில், எழுத்தாளரின் குடும்பம் முன்வரிசையில் அமர்ந்திருக்க, ‘இந்த நாவலின் இரண்டாம் பாதி தளர்ந்துவிட்டது’ என்று யார் சொல்வார்? சொல்லாததை மரியாதை என்றே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதை ஆய்வு என்று அழைக்க முடியாது. நாளிதழ்களை நம்பவும் வழியில்லை. தமிழ் நேசன் 1924 முதல் நடந்து 2019 ஜனவரியோடு நின்றுபோனது. மிச்சமுள்ள நாளிதழ்களின் ஞாயிறு பதிப்புகள் கதைக்கும் கவிதைக்கும் இடம் தருகின்றன, விரிவான மதிப்புரைக்கு அபூர்வமாகவே. ஆகவே இணையத்தில் வரும் ஒற்றைக் கட்டுரை, புத்தகக் கடையும் நூலகமும் பத்திரிகையும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலையைத் தனியே சுமக்கிறது. நாவலைப் பார்க்கவே வாய்ப்பில்லாத வாசகருக்கு அந்தக் கட்டுரைதான் நாவல்.

இது எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1950இல் தமிழ் நேசனில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ நடத்தினார்கள். எழுத வருபவர்களுக்குப் பாடம் சொல்லிப் பயிற்சி கொடுத்த தொடர் அது. அதை அடுத்து தமிழ் முரசில் ‘ரசனை வகுப்பு’ வந்தது. எழுதக் கற்றுக்கொடுத்த கையோடு படிக்கவும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று அந்தத் தலைமுறைக்குத் தோன்றியதே, அதை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது. 1950களில் சில ஆண்டுகள் கு. அழகிரிசாமி தமிழ் நேசனில் இருந்தபோது, கோலாலம்பூரில் எழுத்தாளர்கள் அவரைச் சுற்றிக் கூடிக் கதைகளை அலசினார்கள். பிறகு பினாங்கிலிருந்து ரெ. கார்த்திகேசு நாவலாசிரியராகவும் விமர்சகராகவும் நெடுங்காலம் இயங்கினார். 2016இல் அவர் மறையும் வரை மலேசியச் சிறுகதை, நாவல் பற்றிய நிதானமான குரல் ஒன்று இருந்தது. ஜொகூரின் பங்கு வேறு வகையானது. தங்காக்கில் வாழ்ந்த மா. இராமையா ‘மலேசியத் தமிழ் இலக்கிய வரலாற்றுக் களஞ்சியம்’ தொகுத்தார். யார் எழுதினார், எதை எழுதினார் என்ற குறிப்பு அழியாமல் இருப்பதற்கு அப்படிப்பட்ட உழைப்பே காரணம். ஆனால் களஞ்சியம் நெல்லையும் பதரையும் சேர்த்தேதான் வைத்துக்கொள்ளும். பிரித்துச் சொல்லும் வேலையைப் பின்னால் வந்தவர்களுக்கு விட்டுவைத்தது அது.

அந்த வேலையைக் கையில் எடுத்தது வல்லினம். ம. நவீனை ஆசிரியராகக் கொண்டு 2007இல் அச்சிதழாகத் தொடங்கி, பிறகு இணையத்துக்கு மாறிய இதழ். மூத்த எழுத்தாளர்களின் நேர்காணல்கள், பழைய நாவல்களைப் புதிதாகப் படித்த கட்டுரைகள், எழுத்து முகாம்கள், 2014இல் நாவலாசிரியர் அ. ரெங்கசாமிக்குக் கொடுத்துத் தொடங்கிய விருது என்று அது செய்தவை பல. 2022இல் தொடங்கிய தமிழ் விக்கியில் மலேசிய எழுத்தாளர்களுக்கு இவ்வளவு விரிவான பதிவுகள் இருப்பதிலும் அந்த வட்டத்தின் உழைப்பு இருக்கிறது. வல்லினத்தின் மீது இரண்டு குறைகளை அடிக்கடி கேட்கலாம். சிறிய இலக்கியத்தில் கறாரான விமர்சனம் முளையிலேயே கிள்ளிவிடும் என்பது ஒன்று. இதற்குக் கதை வகுப்பே பதில். எழுதுபவர்களின் எண்ணிக்கை இன்றைவிடக் குறைவாக இருந்த காலத்தில்தான் அந்தப் பயிற்சி நடந்தது, அதைத் தாண்டித்தான் ஒரு தலைமுறை எழுத வந்தது. எழுதுபவரை மௌனம் கொல்லும் அளவுக்குக் கறார் கொல்வதில்லை. இரண்டாவது குறை, அது ஒரு குழுவின் ரசனை என்பது. உண்மைதான். ஜெயமோகனின் அழகியல் அளவுகோல்கள் அங்கே அழுத்தமாகத் தெரிகின்றன. யதார்த்தத்தைவிடத் தொன்மத்தை நோக்கித் தாவும் நாவலுக்கு அங்கே ஒரு கூடுதல் மரியாதை உண்டு என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஆனால் ஓர் இதழுக்கு ரசனைச் சார்பு இருப்பது குற்றம் இல்லை. சார்பே இல்லாத இதழ் விளம்பரப் பலகையாகத்தான் இருக்கும். எதிர்த் தரப்பு தனக்கென்று ஓர் இதழை, ஓர் அளவுகோலை, பத்து நல்ல கட்டுரைகளை உருவாக்கவில்லை என்பதே பிரச்சினை. புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் பொருமுவதை விமர்சன மரபு என்று யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஒற்றைக் குரலின் ஆபத்து எதுவரை போகும் என்பதற்கு நவீனின் ‘பேய்ச்சி’யே சான்று. 2019இல் வெளிவந்த நாவல் அது. 1981இல் கெடாவின் லுனாஸில் விஷச் சாராயம் பல உயிர்களைக் குடித்த துயரம் அதன் பின்னணியில் இருக்கிறது. 2020 டிசம்பரில் உள்துறை அமைச்சு, ஆபாசமானது, ஒழுக்கத்துக்குப் புறம்பானது என்று சொல்லி 1984ஆம் ஆண்டு அச்சகங்கள், வெளியீடுகள் சட்டத்தின்கீழ் அதைத் தடை செய்தது. அச்சிட்டாலோ விற்றாலோ 3 ஆண்டுவரை சிறை, அல்லது 20,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். தோட்டத்து மனிதர்கள் பேசும் வசைச்சொற்கள் இலக்கியத்துக்குத் தேவையா என்ற கேள்வியைச் சுற்றியே வாக்குவாதம் சுழன்றது. கேள்வி நியாயமானதுதான், ஆனால் பக்கங்களைப் புரட்டித்தான் பதில் சொல்ல முடியும். இந்தச் சொல் இந்தப் பாத்திரத்தின் வாயில், இந்தக் கட்டத்தில் என்ன செய்கிறது என்று காட்டும் வாசிப்புகள், ஆதரித்தோ மறுத்தோ, பத்து இருந்திருந்தால் வாதம் நாவலுக்குள் நடந்திருக்கும். நடந்தது நாவலுக்கு வெளியே. தடைக்குப் பிறகு நிலைமை இன்னும் விசித்திரம். மலேசிய வாசகர் அந்த நாவலைக் கடையில் வாங்க முடியாது. தமிழ்நாட்டில் யாவரும் பதிப்பகத்தின் வழியாக அது கிடைக்கும். அங்கே படித்தவர்கள் எழுதிய மதிப்புரைகளை இங்கே இணையத்தில் தாராளமாகப் படிக்கலாம். தன் ஊரைப் பற்றிய நாவலை அடுத்த நாட்டு வாசகரின் கண் வழியாகவே ஒருவர் அறிந்துகொள்ளும் நிலை இது.

அந்தக் கண்ணுக்கு நான் நன்றி சொல்லவே செய்வேன். நம் எழுத்தாளர் சீ. முத்துசாமிக்கு 2017இல் தமிழ்நாட்டின் விஷ்ணுபுரம் விருது கிடைத்த பிறகுதான் மலேசியாவிலேயே பலர் அவரைத் தேடினார்கள்; இது நமக்குப் பெருமை தரும் செய்தி அல்ல. ஆனால் வெளியிலிருந்து படிப்பவர் தனக்குத் தெரியாத உலகத்தைத் தேடித்தான் வருகிறார். ரப்பர்த் தோட்டம், சயாம் மரண ரயில், ஜப்பானியர் காலம் என்று வந்தால் உடனே நிமிர்ந்து உட்கார்கிறார். ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’, கோ. புண்ணியவானின் ‘கையறு’ போன்ற சயாம் நாவல்கள் எழுதப்பட வேண்டியவைதான், ஐயமில்லை. ஆயினும் எது கவனிக்கப்படுகிறதோ அதுவே மேலும் எழுதப்படும். ஜொகூர் மாசாயின் அடுக்குமாடி வீட்டிலிருந்து நாலரை மணிக்குக் கிளம்பி, சிங்கப்பூர் வெள்ளியில் சம்பளம் வாங்கி, ரிங்கிட்டில் கடன் கட்டி, பிள்ளையை வாரத்தில் ஒரு நாள் மட்டும் விழித்திருக்கப் பார்க்கும் தகப்பனின் வாழ்க்கை சென்னை வாசகருக்கு ‘மலேசிய’மாகத் தோன்றாமல் போகலாம். அதில் சாமியாடியும் இல்லை, பால்மரமும் இல்லை. அதை நாவலுக்குரிய பொருள் என்று அடையாளம் காணக்கூடியவர் ஜொகூரில்தான் இருப்பார். இன்று பேசப்படும் மலேசிய நாவலாசிரியர்களில் நவீன், சீ. முத்துசாமி, புண்ணியவான், கே. பாலமுருகன் எல்லோரும் கெடா மண்ணோடு தொடர்புடையவர்கள். கெடாவுக்குத் தன் வாழ்க்கையைப் படித்துச் சொல்ல ஒரு வட்டம் அமைந்தது. ஜொகூருக்கு இன்னும் அமையவில்லை.

சினிமாவில் இந்தச் சமனின்மை இன்னும் வெளிப்படை. தமிழ்நாட்டில் 2023 முதல் காலை 9 மணிக்கு முன் காட்சிகளுக்குப் பொதுவாக அனுமதி இல்லை. அப்போது இங்கே மணி 11.30. பெரிய நட்சத்திரத்தின் படம் என்றால், சென்னையில் திரை விலகும்போது ஜொகூர் ரசிகர் இடைவேளையைத் தாண்டியிருப்பார். அவர் முகநூலில் போடும் இரண்டு வரி அங்கே பரபரப்பாகப் பகிரப்படும். மலேசியத் தமிழரின் கருத்துக்குச் சென்னை காத்திருக்கும் தருணம் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். யூடியூப் விமர்சனத்தைக் கண்டு தயாரிப்பாளர்கள் எவ்வளவு அஞ்சுகிறார்கள் என்பதற்கு, 2024இல் ‘கங்குவா’ வெளியான பிறகு நடந்ததைப் பார்த்தால் போதும். படம் வெளியான முதல் 3 நாட்களுக்கு விமர்சனங்களைத் தடுக்கக் கோரி ஒரு தயாரிப்பாளர் சங்கம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. நீதிமன்றம் தடை விதிக்க மறுத்தது. வசூல் விமர்சனமா கலை விமர்சனமா என்று இந்த யூடியூப் பேச்சைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கு அந்தச் சுளிப்பில் முழு உடன்பாடு இல்லை. ஒரே நாளில் நூறு பேர் பேசும்போது பொய்யான பாராட்டு சாயங்காலத்துக்குள் அம்பலமாகிவிடுகிறது. நம் படங்களுக்குக் கிடைக்காதது அந்தக் கூச்சல்தான். சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ 2015 டிசம்பரில் வந்தது. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பத்துப் பையன் ஒருவன் குண்டர் கும்பலின் பக்கம் மெல்ல மெல்லச் சரிவதை மிகையில்லாமல் சொன்ன படம். 2016 மலேசியத் திரைப்பட விழாவில், தேசிய மொழியில் இல்லாத படங்களுக்குத் தனிப் பிரிவு என்ற ஏற்பாட்டை எதிர்த்துக் குரல்கள் எழுந்து, அந்தப் பாகுபாடு நீக்கப்பட்டு, கடைசியில் ‘ஜகாட்’ சிறந்த மலேசியப் படமானது. இதையெல்லாம் இன்றும் சொல்வார்கள். ஆனால் அந்தப் பையனின் வகுப்பறைக் காட்சிகளும் சித்தப்பாமார்களும் திரைக்கதையில் எப்படிக் கோக்கப்பட்டிருக்கிறார்கள் என்று தமிழில் நின்று பேசிய கட்டுரைகளை விரல்விட்டு எண்ணலாம். 2022இல் ‘பூச்சாண்டி’ தமிழ்நாட்டிலும் திரையிடப்பட்டபோதும், மலேசியப் படம் அங்கே ஓடுகிறது என்ற மகிழ்ச்சிதான் பேச்சானது.

தொலைக்காட்சிக்கு இந்த அளவுகூட இல்லை. அஸ்ட்ரோவின் வானவில்லும் விண்மீனும் உள்ளூர் நாடகங்களையும் தொலைப்படங்களையும் ஆண்டு முழுவதும் தந்துகொண்டிருக்கின்றன. மலேசியத் தமிழ் எழுத்தில் எழுதுபவருக்குச் சம்பளம் கிடைக்கும் சில இடங்களில் அதுவும் ஒன்று; பார்வையாளர் எண்ணிக்கையில் எந்த நாவலும் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஜொகூர் பாருவில் இதோடு சிங்கப்பூரின் வசந்தமும் சேர்ந்துகொள்வதால், இரண்டு நாட்டுத் தமிழ் நாடகங்களை ஒரே மாலையில் ஒப்பிட்டுப் பார்க்க முடிகிற அபூர்வமான இடம் இது. ஒரே தமிழ்ச் சமூகம் இரண்டு அரசுகளின்கீழ் தன்னை எப்படிக் காட்டிக்கொள்கிறது, எந்த வசனம் இங்கே சாத்தியம், எந்தக் குடும்பம் அங்கே சாத்தியம் என்று எழுதுவதற்கு இதைவிட நல்ல இருக்கை வேறெங்கும் இல்லை. நடிகையின் சேலை பற்றிய பின்னூட்டங்களைத் தாண்டி அதை யாரும் எழுதிப் பார்க்கவில்லை. ஆள் இல்லை என்ற பதில் எனக்கு ஒப்பவில்லை. ஜொகூரில் சுமார் 70 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. நாள்தோறும் மாணவர் கட்டுரைகளைத் திருத்திச் சிவப்பு மையில் காரணம் எழுதும் ஆசிரியர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். அதே சிவப்பு மையோடு ஒரு நாடகத்தின் பத்துப் பகுதிகளையோ, நண்பரிடம் இரவல் வாங்கிய ஒரு நாவலையோ அவர்களில் இருபது பேர் படித்து, வல்லினம் சொன்னதோடு ஒத்துப்போகாத இடத்தைக் காரணத்தோடு எழுதினால் போதும். நவீனே அதை வல்லினத்தில் வெளியிடக்கூடும்.