ஆர்கானின் பச்சை

எங்கள் வேப்பம்பட்டு வீட்டில் ஏசி போட்டாலே கரண்ட் பில் பயம். மேடை ஒளிக்காட்சிகளில் ஓடிய பழைய ஆர்கான் லேசரோ சில வாட் ஒளிக்குப் பல கிலோவாட் குடிக்கும். மிச்சமெல்லாம் சூடாகித் தண்ணீரோடு போகும். இந்த லேசர் 1964இல் வில்லியம் பிரிட்ஜஸ் கண்டுபிடித்தது. 488 நானோமீட்டரில் நீலம், 514.5இல் பச்சை.

அணைந்துபோன பழைய ஆர்கான் லேசர்களைத் திரும்ப எழுப்புகிறவர்களின் கைப்பக்குவம்தான் எனக்குப் பிடிக்கும். கண்ணாடியில் விரல் படாமல், லென்ஸ் தாளில் மெத்தனால் தொட்டு ஒரே இழுப்பு. கண்ணாடியைச் சரிசெய்யும் திருகை முடியளவு திருப்பினால் ஒளி பிறக்கும். கொஞ்சம் தாண்டினால் அணைந்துவிடும். இதற்கெல்லாம் அதே லேசர்க் குழாயோடு மல்லுக்கட்டிய இன்னொருவர் பக்கத்தில் வேண்டும். சில குழாய்களில் பெரிலியம் ஆக்சைடு உண்டு, உடைந்தால் அந்தத் தூசி நுரையீரலுக்கு நஞ்சு என்று முதலில் எச்சரிப்பவரும் அவரே.

டையோடு லேசர் மலிவு, வீட்டு பிளக்கிலேயே எரியும். ஆனால் ஆர்கான் கதிரின் உருண்டையான மெலிவு அதற்குச் சுலபத்தில் வராது.