முறை வந்த கை

மட்டக்களப்பின் படுவான்கரைக் களரிகளில் வடமோடிக் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, சண்டையென்றால் கண் முதலில் ஆடுபவரின் காலுக்குத்தான் போகும். சதங்கை தாளத்தில் விழுகிறதா? ஒருவர் ஆடித் தாளம் தீர்க்கும்வரை எதிரே நிற்பவர் பொறுத்து நிற்கிறாரா? அந்தக் கண்ணோடுதான் ‘ஃபைனல் ஃபன்டசி 7: அட்வென்ட் சில்ட்ரன்’ அசைவூட்டப் படத்தையும் பார்த்தேன்.

1997இல் பிளேஸ்டேஷனுக்கு வந்த விளையாட்டின் தொடர்ச்சி இது. கதை அதற்கு 2 ஆண்டுகளுக்குப் பிறகு நடக்கிறது. தெத்சுயா நொமுரா இயக்கி 2005இல் வெளிவந்தது. விளையாட்டில் இரு தரப்பும் எதிரெதிரே நிற்கும். திரையில் யாருடைய நேரக்கோடு நிரம்புகிறதோ அவருக்குத்தான் அடிக்க முறை. கோடு நிரம்பும்வரை நெஞ்சு அடித்துக்கொள்ளும். படத்தில் அந்தப் பொறுத்திருத்தலே இல்லை. நாயகன் கிளவுட் சுவரில் ஓடுகிறான், வானில் சுழல்கிறான், வாள்கள் மின்னுகின்றன. அடி யாருக்கு விழுந்தது என்று பிடிபடுவதற்குள் அடுத்த வெட்டு வந்துவிடுகிறது. உடம்புகளுக்குப் பாரமே இல்லை.

தேவாலயச் சண்டை மட்டும் வேறு சாதி. கிளவுட்டின் தோழி டீஃபா கையுறையை இழுத்து மாட்டுகிறாள். அவளுக்கு ஆயுதமே அதுதான். எதிரி லொஸின் கையில் மின்னதிர்வு பாய்ச்சும் கருவி. கால் தரையில் ஊன்றுகிறது, இடுப்பு திரும்புகிறது, பிறகுதான் குத்து. அவன் போய் விழும்போது வாங்குகள் நொறுங்குகின்றன. வென்றுவிட்டாள் என்று மூச்சு விடுகிறோம். அப்போது அவனுடைய கைபேசி அடிக்கிறது. அழைப்பொலி, விளையாட்டில் ஒவ்வொரு வெற்றிக்கும் ஒலிக்கும் அதே மெட்டு! பேசி முடித்து அவன் எழுந்து வருகிறான். கடைசியில் விழுபவள் டீஃபா. விளையாடியவர்களுக்கு அந்த மெட்டு வயிற்றைப் பிசையும்.

பகமூத் எனும் பறக்கும் அரக்கனோடு நடக்கும் போரும் முதலில் வெறும் பாய்ச்சலாகவே போகிறது. பிறகு கிளவுட் மேலே பாய, தோழர்கள் ஒவ்வொருவராக அந்தரத்தில் அவன் கையைப் பற்றி இன்னும் உயரத்துக்கு வீசுகிறார்கள். ஆளுக்கொரு முறை. படம் தூக்கியெறிந்த விளையாட்டின் ஒழுங்கு இங்கே திரும்பி வருகிறது. எனக்கு முழுப் படத்திலும் உயர்ந்த இடம் இதுதான்.

எல்லோருடைய முறையும் முடிந்த பிறகும் இன்னொரு கை நீள்கிறது. பழைய தோழி ஏரித்தின் கை. விளையாட்டின் பாதியிலேயே வில்லன் செஃபிரொத்தின் வாளுக்கு இரையாகி, அதன்பிறகு எந்தச் சண்டையிலும் முறை வராமல் போனவள் அவள்.